புரட்சியை மூட்டுவது யார்?

(தொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உரிமை கேட்டு நாம் ஒரு மகஜர் கொண்டுபோனால், உடனே என்ன சொல்கிறார்கள்? "கலகக்காரர்கள், நாட்டைக் குழப்பப் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் பயந்துபோய், "நமக்கு எதுக்குய்யா வம்பு, பேசாம இரு" என்கிறார்கள். ஆகவே இன்று உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். ஒரு நாட்டில் புரட்சி ஏன் வெடிக்கிறது? அதை மூட்டிவிடுவது மகஜர் கொண்டுபோகிறவனா, அல்லது அதை வாங்க மறுக்கிறவனா?

பசி வந்தால் புரட்சி வரும் என்று பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டார்கள். கல்கத்தா வீதிகளிலேயே மக்கள் விழுந்து செத்தார்கள். ஆனால் அந்தப் பஞ்சத்தால் வெள்ளைக்காரன் ஆட்சி கவிழவில்லை. பட்டினி கிடப்பவனுக்கு எழுந்து நிற்கவே தெம்பிருக்காது. அப்படியென்றால் பசியைத் தவிர வேறு ஏதோ வேண்டும். அது என்ன? மூன்று நாடுகளைப் பார்ப்போம்.

முதலாவது பிரான்ஸ், 1789. அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்து நடத்திய போருக்கு உதவி செய்தே பிரெஞ்சு அரசன் கடனாளி ஆனான். அரசாங்கச் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போயிற்று. பிரபுக்களும் மதகுருமார்களும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். சுமை முழுவதும் குடியானவன் தலையில் விழுந்தது. 1788-இல் விளைச்சல் பொய்த்தது, ரொட்டி விலை ஏறியது. 1614-க்குப் பிறகு கூட்டப்படாத மக்கள் சபையை அரசன் கூட்டினான். ஊர் ஊராக மக்கள் தங்கள் குறைகளை எழுதி அனுப்பினார்கள். அதுவும் மகஜர்தான்! ஆனால் 1789 ஜூன் 20-ஆம் நாள் பொதுமக்களின் பிரதிநிதிகள் வந்து பார்த்தபோது மண்டபக் கதவு பூட்டிக் கிடந்தது. அடுத்த மாதம் 14-ஆம் நாள் பாஸ்டில் கோட்டை விழுந்தது. அரசனின் காவல்படைச் சிப்பாய்கள் பலர் மக்கள் பக்கம் சேர்ந்து நின்றார்கள்.

இரண்டாவது ரஷ்யா. 1905 ஜனவரி 22-ஆம் நாள், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு மன்னரின் அரண்மனையை நோக்கி நடந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. சாமி படமும், மன்னர் ஜாரின் படமும், ஒரு மகஜரும்தான் இருந்தன. எட்டு மணி நேர வேலை, நியாயமான சம்பளம், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை, இவைதான் அவர்கள் கேட்டவை. பதிலாகக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நாடே கொதித்ததும் ஜார் ஒரு சபையைக் கொடுத்தார். 1907-இல் ஓட்டுச் சட்டத்தை மாற்றி, ஏழைகளின் குரலை அதிலும் குறைத்துவிட்டார். பின்பு உலகப் போர் வந்தது. 1917 மார்ச் 8-ஆம் நாள் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வீதிக்கு வந்தார்கள். நான்கே நாளில் சிப்பாய்கள் சுட மறுத்து அவர்களோடு சேர்ந்தார்கள். ஒரு வாரத்தில் ஜார் பதவி இழந்தார். ஜாரின் படத்தைத் தூக்கிக்கொண்டு போன அதே தொழிலாளி வர்க்கம்தான் அவரைக் கீழே இறக்கியது.

மூன்றாவது ஈரான், 1979. இது பணம் கொழித்த நாடு. 1973-74-இல் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியது. ஆனால் 1975-இல் மன்னர் ஷா, நாட்டில் ஒரே கட்சிதான் என்று அறிவித்தார். பிடிக்காதவர்கள் நாட்டை விட்டுப் போகலாம் என்றார். (இந்தப் பேச்சு நம் காதுக்கும் புதிதல்லவே!) 1978 செப்டம்பர் 8-ஆம் நாள் தெஹ்ரானில் கூடியிருந்த மக்களை ராணுவம் சுட்டது. பின்பு எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கஜானாவுக்கு வரும் பணமே நின்றது. 1979 ஜனவரியில் ஷா நாட்டை விட்டுப் போனார். பிப்ரவரி 11-ஆம் நாள் ராணுவம் யார் பக்கமும் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

மூன்று நாட்டிலும் மொழி வேறு, மதம் வேறு, காலம் வேறு. ஆனாலும் மூன்று சங்கதிகள் பொதுவாக இருக்கின்றன. ஒன்று, கடனாலோ போராலோ வேலைநிறுத்தத்தாலோ அரசாங்கம் உள்ளுக்குள் பலவீனப்படுகிறது. இரண்டு, மக்கள் முறையிடும் கதவு அடைபடுகிறது. மூன்று, சிப்பாய் சுடுவதை நிறுத்துகிறான். இதில் முதலாவதும் மூன்றாவதும் யார் கையிலும் முழுதாக இல்லை. இரண்டாவதோ முழுக்க முழுக்க ஆட்சியாளர்களின் கையில் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் கோபம் பேச்சாக வெளியே வரும். பூட்டினால் அது கதவையே உடைத்துக்கொண்டு வரும்.

தோழர்களே, புரட்சி என்ற சொல்லைக் கேட்டு மயங்கிவிடவும் வேண்டாம். அதற்கு விலை கொடுப்பவன் யார்? பிரான்சில் 1793-94-இல் சுமார் 17,000 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பிரபுக்கள் அல்ல, சாதாரணக் குடியானவர்களும் கைத்தொழிலாளிகளும்தான். ரஷ்யாவில் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் லட்சக்கணக்கான ஏழைகளை விழுங்கின. ஈரானில் ஷாவை விரட்டப் போராடிய பெண்களே, 1979 மார்ச் 8-ஆம் நாள், கட்டாய முக்காட்டை எதிர்த்து மறுபடியும் வீதிக்கு வர வேண்டியதாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூரில் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் ஒரு மகஜரோடு திரண்டார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீரங்கியும் பதிலாக வந்தன. டிசம்பரில் ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளப்பட்டார்கள். ஒரு கதவு மூடியது. ஆனால் இன்னொரு கதவு, ஓட்டுப்பெட்டி, திறந்திருந்தது. 2008 மார்ச் 8-இல் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. 2012-இல் அந்தச் சட்டமே ரத்தானது. 2018-இல் 61 ஆண்டுக்கால ஆட்சி மாறியது. துப்பாக்கி எடுக்காமல் நடந்த காரியம் இது. இதனால் நம் பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்தனவா? இல்லை. அடையாள அட்டைக்கு அலைகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்சி மாறுவது வேறு, நம் வாழ்வு மாறுவது வேறு.

அதனால் நாம் செய்ய வேண்டியது என்ன? 2021 டிசம்பர் முதல், 18 வயது ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே ஏறுகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுப் போடும் நாளில் வீட்டில் படுத்துக்கொள்ளாதீர்கள். மகஜர் கொடுத்தால் நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, பத்திரமாக வையுங்கள். முத்திரை போட்ட தாளை "வரவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

உங்களை யாராவது கலகக்காரன் என்றால் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்: "ஐயா, நான் கதவைத்தான் தட்டுகிறேன். திறப்பது உங்கள் வேலை."