590 ரூபாய் பாக்கி

முப்பத்திரண்டு வருஷம் பேங்க் கிளார்க்காக இருந்தவன், இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

உபயோகிக்காத கிரெடிட் கார்டு ஒன்று. ஆண்டுக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய். "தொடாத கார்டுக்கு எதற்குப் பணம்?" என்று விட்டுவிட்டேன். மகன் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போனபோதுதான் தெரிந்தது, அபராதமும் வட்டியும் ஏறி நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. கடன் நின்றுபோனது.

அடுத்து வசூல் ஏஜென்ட் போன். (காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக் கூடாது.) "ரெண்டாயிரம் கட்டுங்க சார், செட்டில் பண்ணிடலாம்" என்றார். பாதிக்குப் பாதி லாபம்! ஆனால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். முழுசாக அடைக்காதவர் என்று அர்த்தம். 'குளோஸ்டு' என்றுதான் வர வேண்டும்.

முழுத் தொகையையும் நேரே கார்டு கணக்கில் கட்டி, பாக்கியில்லை என்று கடிதம் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்தும் அறிக்கை மாறவில்லை. சிபிலிலேயே புகார் போட்டேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இருபதாம் நாள் திருத்திவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். எப்படி என்று தெரியாதவர்கள் ஞாயிறு காலை போனோடு வாருங்கள், அசோசியேஷன் ரூமில் இருப்பேன்.