செயலி கேட்கும் கேள்வியும் தமிழ் சொல்லும் பதிலும்



மனநலத்துக்கு உதவும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றி ஒரு மொழியியலாளர் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்ற ஐயம் உங்களுள் சிலர்க்கு எழுந்திருக்கலாம். மருத்துவரோ உளவியலாளரோ பேச வேண்டிய பொருளன்றோ இது? ஆயினும், அச்செயலிகளுள் எதனைத் திறந்தாலும் முதலில் நம்மை எதிர்கொள்வது மருந்தன்று, ஒரு வினா. 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்பதே அவ்வினா. வினாவுக்கு விடை கூறுவது மொழியின் தொழில். எந்தச் சொல்லால், எந்த வாக்கிய அமைப்பால் நாம் விடை கூறுகிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்து வரும் உதவி அமைகிறது. ஆகவே இப்பொருளில் மொழி கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பங்கு உண்டு என்று கருதியே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

முதலில் நம் நாட்டு நிலையைச் சற்றே பார்ப்போம். சுகாதார அமைச்சின் தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வின்படி, மனநலம் குன்றிய நிலையில் இருந்தோர் 2020இல் 13.4 விழுக்காட்டினர், 2022இல் 17 விழுக்காட்டினர். 18 முதல் 29 வயதுடையோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 25.3 விழுக்காடு. நால்வரில் ஒருவர் என்று சொல்லலாம். இவ்வவையில் அமர்ந்திருக்கும் மாணவர் பலரும் அவ்வயதை நெருங்குபவர்களே அல்லது அவ்வயதினரே.

இவர்கள் உடனே மருத்துவரை நாடுவதில்லை. காரணம் பழையது. 1928இல் ஈயோ சூ காங் சாலைப் பகுதியில் தொடங்கப்பெற்ற மனநோய் மருத்துவமனை 1951இல் உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்றது. 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறியபோது மனநலக் கழகம் ஆயிற்று. 'உட்பிரிட்ஜ்' என்பது ஓர் ஊர்ப்பெயர் போன்ற எளிய பெயர்தான். ஆனால் நம் தலைமுறையினர் சிறுவராயிருந்த காலத்தில் அது ஒரு வசைச்சொல்லாகவே வழங்கியது. ஒருவரை அங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் அதற்கு மேல் இழிவு இல்லை. இடத்தின் பெயரே வசையாகிவிட்ட சூழலில், வாசற்படி ஏறாமல், வரவேற்பறையில் பெயர் கொடுக்காமல், எவரும் காணாத நேரத்தில் திறந்து பார்க்கத்தக்க ஒன்று கைப்பேசிக்குள் இருப்பது சிறிய நன்மையன்று. செயலிகளை நாம் மதிக்கும் முதற்காரணம் இதுவே.

2020 ஜூன் மாதம், கொவிட்-19 தொற்று நம்மை வீடுகளுக்குள் வைத்திருந்த வேளையில், 'மைண்ட்லைன்' என்னும் தேசிய இணையத்தளம் தொடங்கப்பெற்றது. பெயர் கூறாமலே அதனைப் பயன்படுத்தலாம். பெங்களூரில் உருவான 'வைசா' என்னும் உரையாடு செயலி அதனுள் இணைக்கப்பெற்றிருந்தது. நீங்கள் தட்டச்சு செய்தால் அது மறுமொழி தரும். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும். மனத்தில் ஓடும் எண்ணம் ஒன்றை எழுதச் சொல்லி, 'இதற்குச் சான்று என்ன? இதனை வேறு விதமாக எண்ண இயலுமா?' என்று கேட்கும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் முறையின் எளிய வடிவம் இது. இத்தகைய செயலிகளால் பயனே இல்லை என்று கூறுவோரின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. 2017இல் 'வோபாட்' என்னும் செயலியைக் கொண்டு அமெரிக்காவில் 70 இளையரிடம் இரண்டு வாரம் நடத்தப்பெற்ற ஆய்வில், செயலியோடு உரையாடியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருக்கக் கண்டனர். சிறிய ஆய்வுதான், குறுகிய காலமும்தான். அந்த வோபாட்டும் 2025 ஜூன் மாத இறுதியில் மூடப்பெற்றுவிட்டது. தோழன் என்று நம்பிய ஒன்று நிறுவனத்தின் முடிவொன்றால் ஒரு நாளில் இல்லாமற்போகும் என்பதையும் மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, ஆசிரியர்களாகிய உங்களுக்கு நன்கு தெரிந்திருக்கக்கூடிய ஒரு நிகழ்வு. 2021இல் கல்வி அமைச்சின் ஆசிரியர்களுக்கென மைண்ட்லைனின் தனிவடிவம் ஒன்று அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு, அதனோடு நிகழ்த்திய உரையாடல்களின் படங்களை ஆசிரியர் சிலர் சமூக ஊடகங்களில் வெளியிட்டனர். வேலைப்பளு மிகுதி என்று அவர்கள் சொன்னார்கள். எண்ணத்தை மாற்றிப் பார்க்கும் பயிற்சிக்குச் செயலி அவர்களை அழைத்தது. செயலி பிழையாக இயங்கியது என்று சொல்ல முடியாது. தனக்குக் கற்பித்ததையே அது செய்தது. துன்பம் எண்ணத்தில் இருக்கிறது, ஆகவே எண்ணத்தைத் திருத்து என்பதே அதன் பாடம். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேசைமேல் இருக்கிறது என்பது அதன் பாடத்தில் இல்லை.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நம் நினைவுக்கு வருகிறது. உணர்வுகளை எட்டாக வகுக்கும் அவ்வியல், ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்லி, ஆக முப்பத்திரண்டு என்று காட்டுகிறது. அழுகைக்கு அது கூறும் நான்கைப் பாருங்கள்: பிறரால் இகழப்படுதல், உறவையோ பொருளையோ இழத்தல், பழைய நிலை கெட்டுத் தளர்தல், வறுமை. வறுமையை அழுகையின் காரணங்களுள் ஒன்றாக இலக்கண நூல் ஒன்று எழுதிவைத்திருக்கிறது என்பதை நாம் பாடம் நடத்தும்போது விரைந்து கடந்துவிடுகிறோம். உணர்வுக்குப் பெயர் சொன்னவுடன், அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும் என்பது அந்நூலின் முறை. மெய்ப்பாடு என்னும் சொல்லே மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுவது என்னும் பொருளுடையது. அது செய்யுளுக்கு எழுதிய இலக்கணம், மருத்துவ நூலன்று. தொல்காப்பியர் அன்றே உளவியல் கண்டார் என்று மேடையில் முழங்குவோரின் வரிசையில் நாம் சேர விரும்பவில்லை. ஆயினும், 'என்ன உணர்கிறீர்கள்' என்பதோடு நிற்கும் செயலிக்கு 'எதனால்' என்னும் இரண்டாம் வினாவை அந்நூல் கற்றுக்கொடுக்கக்கூடும்.

அவ்வினாவின் முதற்பகுதியையும் சற்று ஆராய்வோம். உரையின் தொடக்கத்தில் நாம் கூறிய 'இன்று எப்படி உணர்கிறீர்கள்?' என்னும் வாக்கியத்தைக் கேட்டபோது உங்கள் செவிக்கு ஏதேனும் உறுத்திற்றா? இலக்கணப்பிழை இல்லை. ஆனால் சிராங்கூன் சாலையில் எவரும் எவரையும் அப்படிக் கேட்பதில்லை. 'என்னப்பா, முகம் வாடியிருக்கு?' என்பார்கள். 'என்னம்மா, ஒரு மாதிரியா இருக்கே?' என்பார்கள். கேட்கப்பட்டவரும் 'நான் சோகமாக உணர்கிறேன்' என்று விடை கூறமாட்டார். 'மனசே சரியில்ல' என்பார். 'எனக்கு என்னமோ பயமா இருக்கு' என்பார்.

'எனக்கு' என்னும் சொல்லை நோக்குங்கள். ஆங்கிலத்தில் அஞ்சுபவன் எழுவாய். தமிழிலோ அஞ்சுபவன் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறான். அச்சம் அவனுக்கு வருகிறது, இருக்கிறது, போகிறது. எனக்குக் கோபம் வந்தது, அவளுக்குக் கவலையாக இருக்கிறது, அவருக்கு அலுத்துவிட்டது. திராவிட மொழிகள் பிறவற்றிலும் இந்தியிலும் இவ்வமைப்பு உண்டு. உளவியலில் அண்மைக்காலத்துச் சிகிச்சை முறை ஒன்று, 'நான் பயனற்றவன்' என்பதற்குப் பதிலாக 'நான் பயனற்றவன் என்ற எண்ணம் எனக்கு வருகிறது' என்று சொல்லிப் பழகுமாறு நோயாளிக்குக் கற்பிக்கிறது. எண்ணம் வேறு, தான் வேறு என்று விலகி நின்று காண்பதற்கான பயிற்சி அது. அந்த விலகலுக்கு ஏற்ற வாக்கியம் தமிழில் அன்றாட வழக்காகவே கிடக்கிறது. இதனால் தமிழர் மனச்சோர்வுக்கு ஆட்படமாட்டார் என்று எவரும் முடிவுகட்ட வேண்டா. வேற்றுமை உருபு நோயைத் தீர்க்காது. நாம் சொல்வது இதுவே: கிடைக்கும் கருவியை மொழிபெயர்ப்பாளர் கைவிட்டு, 'உணர்கிறேன்' என்னும் பொதுவினையால் எல்லாவற்றையும் நிரப்பும்போது, செயலியின் தமிழ் நம் தமிழாக இல்லாமற்போகிறது.

கலைச்சொற்களின் நிலை இன்னும் சிக்கலானது. 'மன அழுத்தம்' என்பதை நாளிதழ்கள் ஒரு நாள் வேலை நெருக்கடிக்கும் மறுநாள் நோயாக முற்றிய மனச்சோர்வுக்கும் வழங்குகின்றன. 'மனச்சோர்வு' என்னும் சொல்லிலோ சோர்வு இருக்கிறது. சோர்வென்றால் களைப்பு என்றுதான் பலரும் கொள்வர். பல செயலிகளிலும் மருந்தகங்களிலும் பயன்படும் ஒன்பது வினாப் பட்டியல் ஒன்று உண்டு. குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. கடந்த இரண்டு வாரத்தில் இன்னின்னது எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை எண் கொடுத்து, 27க்கு மதிப்பிடுவது. களைப்பாக இருந்ததா என்பது அவ்வினாக்களுள் ஒன்று. கட்டுமானத் தளத்தில் பன்னிரண்டு மணிநேரம் நின்று, லாரியில் தங்குவிடுதிக்குத் திரும்பும் ஊழியர் அதற்கு என்ன விடை எழுதுவார்? 'தினமும்' என்றே எழுதுவார். அது நோயா, வேலையா? மாறாக, உண்மையிலேயே உள்ளம் உடைந்தவர் 'நெஞ்சை அடைக்குது', 'தலை கனமா இருக்கு', 'பெருமூச்சா வருது' என்று சொல்லக்கூடும். அவற்றுக்குப் பட்டியலில் கட்டம் இல்லை.

ஞாயிறு மாலையில் தேக்காவிலிருந்து கேம்பல் லேன் வரை நடந்து பாருங்கள். கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கும் அவ்விளைஞர்கள் செயலிகளுக்குப் புதியவர்களல்லர். 2020இல் விடுதிகளைவிட்டு வெளியேற இயலாதிருந்த மாதங்களில் அவர்கள் தம் உடல் வெப்பத்தை நாள்தோறும் செயலியில் பதிந்தவர்கள். வெப்பமானி காட்டும் எண்ணைப் பதிவதற்கு மொழி வேண்டியதில்லை. அவ்வாண்டு நவம்பரில் வெளிநாட்டு ஊழியரின் மனநலத்துக்கென மனிதவள அமைச்சு தனித்திட்டம் ஒன்றை அறிவித்தது; ஹெல்த்செர்வ் போன்ற தொண்டு அமைப்புகளும் அதில் பங்கேற்றன. அத்தகைய பணிகளில், ஊழியரின் மொழியிலேயே கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருப்பது எந்தப் பட்டியலுக்கும் முந்தியது என்பது நம் துணிபு.

சொல்லாக்கத்தில் நமக்கு முன்னே சென்ற தமிழ் நிலம் ஒன்று உண்டு. போரின் நடுவே ஈழத்தமிழர் மனநலத்தைத் தமிழில் பேசியாக வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாயினர். உளநலம், பதகளிப்பு, உளவளத்துணை, மனவடு ஆகியவை அங்கே வேரூன்றிய சொற்கள். 'வடு' என்பது ஆறிய புண்ணின் தழும்பு. பேரதிர்ச்சியின் பின்விளைவை அதனினும் நன்றாக உணர்த்தும் சொல்லை நாம் அறியோம். இச்சொற்கள் அகராதி செய்வோரின் அறைகளில் மட்டும் பிறந்தவையல்ல. நோயுற்றோரிடமும் அவரைக் கவனித்தோரிடமும் புழங்கி நிலைபெற்றவை. அதனால்தான் அவற்றில் ஒட்டு இல்லை.

நம் பள்ளிப் பிள்ளைகளின் நிலை வேறு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், பத்தாண்டுக்கு முன் 3.3. 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரு சொல்லால் நம் மாணவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றனர். தேர்வுப் பயம், தோழியின் பிணக்கு, தூக்கமின்மை, பெற்றோர் சண்டை, எல்லாம் ஸ்ட்ரெஸ். ஆங்கிலச் செயலியிடம் அவர்களால் மனம் திறக்க முடிகிறது. அதே அறையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் முடிவதில்லை. பாட்டிக்கோ, தன் நெஞ்சடைப்பைப் பேரனுக்கு விளக்கச் சொல் கிடைப்பதில்லை. தமிழ் வகுப்பு இதற்கு ஏதேனும் செய்யலாம். கட்டுரைப் பயிற்சியில் 'மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினேன்' என்பதற்கு மதிப்பெண் கொடுப்பதைக் குறைத்து, ஏக்கம், தவிப்பு, பதைப்பு, உளைச்சல், சலிப்பு, வெறுமை, மனக்கசப்பு ஆகியவற்றின் வேறுபாட்டை எடுத்துக்காட்டோடு எழுதச் சொல்லலாம். கால் உளைச்சலையும் மன உளைச்சலையும் ஒரே சொல்லால் நம் மக்கள் ஏன் குறித்தனர் என்று கேட்கலாம். பாட்டி தாத்தாவிடம் சென்று, மனம் சரியில்லாதபோது அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டுப் பதிந்துவரச் சொல்லலாம். அச்சொற்பட்டியல் செயலி செய்வோர்க்கும் பயன்படும்.

இரு எச்சரிக்கைகள். செயலியிடம் சொல்லும் மறைபொருள் மறைவாகவே இருக்கும் என்று நம்பிவிட வேண்டா. 'பெட்டர்ஹெல்ப்' என்னும் இணைய ஆலோசனை நிறுவனம், பயனாளர் தகவலை விளம்பரத்துக்காகப் பிற நிறுவனங்களுக்கு அளித்த குற்றச்சாட்டில், 2023இல் 78 லட்சம் அமெரிக்க டாலர் செலுத்த இணங்கியது. எனவே பதிவிறக்கும் முன், தகவல் எங்கே போகிறது என்று படியுங்கள்; பெயரையும் அடையாள எண்ணையும் கேட்கும் செயலியை ஐயத்தோடு பாருங்கள்.

மற்றொன்று, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும்போது செயலி போதாது. 2020 ஜனவரி முதல் தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் குற்றமன்று; உதவி கேட்போர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1771 என்னும் தேசிய மனநல உதவி எண் 2025 ஜூன் முதல் இயங்குகிறது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767. இரண்டும் நாள் முழுதும் இயங்குபவை. தமிழில் பேச விரும்பினால், அதனைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். அழகான வாக்கியம் எதுவும் வேண்டியதில்லை. 'எனக்கு மனசு சரியில்ல, யார்கிட்டயாவது பேசணும்' என்றால் போதும். ஆசிரியர்கள் இவ்விரு எண்களையும் அந்த ஒரு வாக்கியத்தையும் நாளைக் காலை வகுப்பறையின் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைப்பீர்களாயின் மகிழ்வோம்.