சுவரில் ஏறும் ஓதமும் பிள்ளையின் மூச்சும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், நெய்க்காரப்பட்டி உறுப்பினர் ஒருவர் பேசியது)

எல்லாரும் சேமிப்பு, கடன், தொழில் என்று பேசினீர்கள். நான் வீட்டுச் சுவரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க, இதுவும் கடன் கதைதான்.

எங்களுடையது ஒரே அறையும் சமையற்கட்டும் உள்ள கான்கிரீட் வீடு. ஐப்பசி மழை பிடித்தால் சுவரெல்லாம் ஓதம். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். டப்பாவில் வைத்த வெல்லம் இளகிவிடும். சின்னவனுக்கு ராத்திரி முழுக்க இழுப்பு. நான் என்ன செய்தேன்? குழுவில் 12,000 ரூபாய் உள்கடன் வாங்கி, பளபளவென்று ஆயில் பெயிண்ட் அடித்தேன். பொங்கலுக்கு வீடு ஜோராக இருந்தது. அடுத்த கார்த்திகையில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உரிந்தது. தவணை மட்டும் பாக்கி நின்றது.

எங்கள் குழுவில் சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா ஒருத்தர் வந்து பார்த்தாங்க. "ஈரம் எங்கிருந்து வருதுன்னு பார்க்காம மேலே மூடினா எப்படி கண்ணு?" என்றாங்க. பாலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டச் சொன்னாங்க. இரண்டு நாள் கழித்து, பாலித்தீனுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. மேல்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். எங்கள் வீட்டில் மேற்குச் சுவரில் அடியில் நீர். பீரோ சுவரில் மேலே வேர்வை. இரண்டு நோயும் இருந்தது!

மேற்குச் சுவருக்குக் காரணம், மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்திருந்த வேப்பஞ்சருகு. தண்ணீர் சுவரிலேயே வழிந்திருக்கிறது. சருகை எடுத்தோம். சுவரோரம் மேடு தட்டியிருந்த மண்ணை வெட்டி, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் விட்டோம். பெயிண்டைச் சுரண்டி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பு ஈரத்தைக் காயவிடும். ஆயில் பெயிண்ட் உள்ளேயே பூட்டி வைக்கும்.

வேர்வைக்குக் காரணம் நாங்களேதான். 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து தீரும்போது அந்த நெருப்பிலிருந்தே 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வருகிறது. ஒரு குடத்துக்கும் மேலே! அதோடு சோற்று ஆவி, உள்கொடியில் ஈரத்துணி, நாலு பேர் மூச்சு. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுவோம். ஆவி எங்கே போகும்? ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்க்கிற மாதிரி, குளிர்ந்த சுவரில்தான் படியும்.

இப்போது ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறோம். சமைக்கும்போது சமையற்கட்டு ஜன்னல் திறந்திருக்கும், பாத்திரம் மூடியிருக்கும். துணி திண்ணையில் காய்கிறது. பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மழை விட்டு வெயில் வந்தால் எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிடுவேன். செலவு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

ஓதமும் பூசணமும் இருக்கிற வீட்டில் இழுப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. சின்னவனுக்கு டாக்டர் சொன்ன மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் போன மழையில் ராத்திரி எழுந்து உட்காரவில்லை, தூங்கினான். எனக்கு அது போதும்.

கூட்டமைப்புக்கு இரண்டு வேண்டுகோள். வீடு ரிப்பேருக்குக் கடன் கேட்டால், இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து மாடிக் குழாய்களைச் சுத்தம் செய்வோம். என் 12,000 சுவரில் போனது. உங்கள் பணம் போக வேண்டாம்.