கொலை செய்தது ரோபோவா?

(புதுச்சேரியில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

துப்பறியும் கதையை வகுப்பில் நடத்தலாமா என்று சிலர் கேட்டீர்கள். நடத்தலாம். அதிலும் ரோபோ வருகிற கொலைக் கதையாக இருந்தால் இன்னும் நல்லது என்பது என் கட்சி.

'ரோபோ' என்ற சொல்லே நாடகத்திலிருந்து வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகம் அது. அதில் இயந்திரங்கள் மனித இனத்தையே அழித்துவிடும். அந்த வகைக் கதைகள் அலுத்துப்போன ஐசக் அசிமோவ், 1942-இல் வெளியான ஒரு சிறுகதையில் மூன்று விதிகளை வகுத்தார். ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடாது, தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது. அதற்கு முரணாகாதவரை மனிதர் சொல்வதைக் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் முரணாகாதவரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

1954-இல் நூலாக வந்த அவருடைய 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' நாவலில் எலைஜா பேலி என்ற போலீஸ்காரரிடம் ஒரு கொலை வழக்கு வருகிறது. கூட்டாளியாக டேனீல் என்ற ரோபோ. பார்த்தால் அசல் மனிதன். பேலிக்கோ ரோபோ என்றாலே ஆகாது. டேனீல் மீதே பழியைப் போடப் பார்த்துத் தோற்றுப்போகிறார். கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன், படித்துக்கொள்ளுங்கள். தமிழில் தொடங்குவதானால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவை விட, ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் நான் கொடுத்த கதை சின்னது. கடற்கரைச் சாலைக்கு அருகே ஒரு கிடங்கு, காவலுக்கு ஒரு ரோபோ. காலையில் உள்ளே ஒருவர் இறந்து கிடக்கிறார். சிவப்புத் தொப்பி போட்ட நம் ஊர்ப் போலீஸ் விசாரிக்க வருகிறது. மூன்று விதிகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டேன். வடிவியலில் 'கொடுக்கப்பட்டவை' எழுதுவது போல. இனி நிரூபிப்பது அவர்கள் வேலை.

ஒரு பையன் எழுந்தான். "உள்ள ஆள் இருக்குன்னு ரோபோவுக்குத் தெரியாது டீச்சர். கதவைப் பூட்டுன்னு யாரோ சொன்னாங்க, பூட்டிடுச்சு. விதியை மீறல, ஆனா ஆள் செத்துட்டாரே?"

அசிமோவின் 1957-ஆம் ஆண்டு நாவலான 'தி நேக்கட் சன்'னில் பேலி கண்டுபிடிப்பதும் இதுதான்: முதல் விதியில் 'அறிந்தே' என்ற சொல் விடுபட்டிருக்கிறது. தெரியாமல் வைத்துவிட்டால் ரோபோவையும் கொலைக் கருவியாக்கலாம்.

கதையோடு விடாமல் அடுத்த பாடவேளையில் இரண்டு நிஜச் சம்பவங்களைச் சொன்னேன். 1979 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில், கார் உதிரிபாகங்களை எடுக்க அடுக்கில் ஏறிய தொழிலாளியை ரோபோவின் கை தாக்கிக் கொன்றது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்று, அதைத் தயாரித்த நிறுவனம் 1 கோடி டாலர் தர வேண்டும் என 1983-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2015-இல் அரியானாவின் மானேசரில், வெல்டிங் ரோபோவுக்கு அருகே சென்ற ஓர் இளம் தொழிலாளி இறந்தார். ரோபோ கொன்றது என்றுதான் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன.

அந்தத் தலைப்பைத் திருத்தி எழுதச் சொன்னேன். எழுவாய் யார்? சிலர் முதலாளியைப் போட்டார்கள், சிலர் இயந்திரம் செய்தவரை. ஒரு மாணவி 'தொழிற்சாலையில் தொழிலாளி மரணம்' என்று மட்டும் எழுதினாள். கொன்றவரைக் காணோமே என்றேன். "இன்னும் விசாரிச்சு முடிக்கலையே டீச்சர்" என்றாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். மற்றவர்கள் விடவில்லை, மணி அடித்த பிறகும் சண்டை நடந்தது.