விளக்கு மூடியும் ஒற்றைத் தந்தியும்

நீர் சுமக்கும் பானையும் கச்சேரியில் முழங்கும் கடமும் மண்ணிற் பிறந்த உடன்பிறப்புக்கள். பீங்கான் கிண்ணங்களில் நீரூற்றித் தட்டினால் ஜலதரங்கம் பிறக்கின்றது. ஆதலால், வீட்டுப் பண்டங்களிலிருந்து இசை தோன்றும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. ஆயின், ஒரு பண்டத்தின் ஓசையை நாடாவிற் பதிந்து, அந்நாடாவை வெட்டியும் ஒட்டியும், அதன் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும், எந்த வாத்தியத்திலும் இல்லாத நாதத்தை ஆக்கலாம் என்பது இருபதாம் நூற்றாண்டு கண்ட புதுமையாகும். அப்புதுமை சங்கீத சபைகளிலன்றி வானொலி நிலையங்களிலேயே வளர்ந்தது என்பது நேயர்கள் கருதுதற்குரியது.

பிரெஞ்சு வானொலியிற் பணியாற்றிய பியேர் ஷேபர் என்னும் பொறியியலாளர், 1948 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரின் புகையிரத நிலையம் ஒன்றிற்குச் சென்று, இயந்திரங்களின் மூச்சையும் ஊதலையும் சில்லுகளின் தாளத்தையும் இசைத்தட்டிற் பதிந்தார். அவற்றைக் கோத்து அவர் அமைத்த படைப்பு அவ்வாண்டு ஒக்டோபர் 5 ஆம் திகதி ஒலிபரப்பப்பட்டது. ஓசையே இசைக்கு மூலப்பொருளாகலாம் என்னும் கொள்கை அவ்வாறு காற்றில் ஏறியது.

பத்தாண்டுகள் கழிந்தன. 1958 இல் இலண்டன் பி. பி. ஸி. நிறுவனம், நாடகங்களுக்கு வேண்டிய விசித்திர ஒலிகளை ஆக்குவதற்கென மெய்டா வேல் என்னுமிடத்தில் ஒரு பட்டறையை அமைத்தது. அதனை அமைப்பதற்கு முன்னின்று உழைத்தவர்கள் டப்னி ஓரம் என்னும் பெண்மணியும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் ஆவர். ஏனைய பகுதிகளில் வேண்டாமெனக் கழித்த கருவிகள் பல அங்கு வந்து சேர்ந்தன. பொறியியலாளர் சோதனைக்குப் பயன்படுத்தும், ஒரே சீரான சுருதியை எழுப்பும் ஒசிலேற்றர்களும், நாடாப் பொறிகளுமே அப்பட்டறையின் முதன்மையான வாத்தியங்கள்.

1962 இல் அங்கு வந்து சேர்ந்தவர் டெலியா டார்பிஷயர். 1937 இல் கொவென்றி நகரிற் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலே போர்க்கால விமானத் தாக்குதல்களைக் கண்டவர். அபாயச் சங்கொலியே தமக்கு அறிமுகமான முதல் மின்னொலி என்று பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கணிதமும் இசையும் கற்றுத் தேறியபின், இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டார். ஒலிப்பதிவுக் கூடத்திற் பெண்களை அமர்த்துவதில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை.

1963 இல் ‘டொக்டர் ஹூ’ என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு ரொன் கிறெய்னர் முகப்பிசை எழுதினார். அதனை ஒலியாக்கும் பணி டெலியாவிடம் வந்தது. அவர் வாத்தியக்காரர் எவரையும் அழைக்கவில்லை. ஒற்றைத் தந்தியை மீட்டிப் பதிந்தார். நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி தாழும். இவ்வுபாயத்தால் அந்த ஒரு மீட்டலிலிருந்தே வேண்டிய சுரங்களைப் பெற்றார். மேலே மிதக்கும் இராகத்தை ஒசிலேற்றர்களால் எழுப்பினார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிந்து, அளந்து, சவர அலகினால் வெட்டி ஒட்டினார். செக்கனுக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் கால் செக்கன் நீளும் சுரம் நாலங்குலத்திற்கும் குறைவு. தாளம் அங்கே அடிமட்டத்தால் அளக்கப்படுவதாயிற்று. பல ஒலித்தடங்களை ஒருங்கே பதியும் பொறி அக்காலத்தில் அவரிடம் இல்லை. ஆகவே தனித்தனி நாடாக்களைத் தனித்தனிப் பொறிகளில் ஏற்றி, ஒரே கணத்தில் முடுக்கிவிட்டுக் கலந்தனர். எங்கோ ஒரு சுரம் பிசகியபோது, நாடாக்களை நீண்ட நடைவழியிற் பக்கம் பக்கமாக விரித்து, ஒட்டுக்களை ஒப்புநோக்கிப் பிழையைக் கண்டுபிடித்தனர்.

அவர் பெரிதும் விரும்பிய வாத்தியம் பட்டறையிற் கிடந்த ஒரு பச்சை நிற உலோக விளக்கு மூடி. அதனைத் தட்டினால் முதலில் ‘டங்’ என்னும் அடியோசையும் பின்னர் நீண்ட கார்வையும் எழும். அடியோசையை வெட்டி நீக்கிவிட்டால், எஞ்சும் கார்வை எதிலிருந்து வந்ததென்று எவராலும் கூறவியலாது. அக்கார்வையில் அடங்கிய சுருதிகளைப் பகுத்து, வலிமை மிக்க பன்னிரண்டைத் தெரிந்து, பன்னிரண்டு ஒசிலேற்றர்களால் மீண்டும் கட்டியெழுப்பினார். சகாராவில் வாழும் துவாரெக் மக்களைப் பற்றிய விவரணப் படத்திலே, பாலைவனத்தின் வெம்மையும் தொலைவும் அவ்விளக்கு மூடியினாலேயே உணர்த்தப்பட்டன.

இத்துணை உழைப்புக்குக் கிடைத்த பெயர் யாது? முடிந்த இசையைக் கேட்டு வியந்த கிறெய்னர், டெலியாவையும் இணையாசிரியராக்கி ஊதியத்திற் பங்களிக்க முயன்றார். பட்டறையினரின் பெயரை வெளியிடுவதில்லை என்னும் நிறுவன வழக்கம் அதற்கு இடந்தரவில்லை. 1973 இல் அவர் அப்பணியை விட்டகன்றார். 2001 இல் மறைந்தார். மறைவிற்குப் பின் அவரது வீட்டிலிருந்து 267 நாடாச் சுருள்கள் கிடைத்தன. தொடரின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2013 இல் வெளியான சிறப்புப் படத்திலேதான் முகப்பிசைக்குரியவராக அவர் பெயர் திரையில் வந்தது. காண்பதற்கு அவர் இல்லை.

அவர் பட்ட சிரமத்திற் பெரும்பகுதி இன்றைய மாணவர்க்கு இல்லை. மின்மணிகளில் உள்ள பீசோத் தகடு சில்லறை விலைக்குக் கிடைக்கின்றது. அழுத்தமோ அதிர்வோ பட்டால் மின்னழுத்தத்தைப் பிறப்பிப்பது அதன் இயல்பு. அதனைத் தகரப்பேணியிலோ, இழுத்துக் கட்டிய கம்பியிலோ ஒட்டி, மின்கலத்தில் இயங்கும் சிறு ஒலிபெருக்கியுடன் இணைத்தால், காதுக்கு எட்டாத உராய்வும் முழக்கமாகக் கேட்கும். வீட்டு மின்னிணைப்பை இவ்வேலைக்குத் தொடலாகாது, மின்கலமே போதும். பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிப்போரும் சங்கீதம் கற்பிப்போரும் ஒன்றுகூடி இதனைச் செய்து காட்டுவாராயின், ஒலியின் இலக்கணம் நூலிலிருந்து இறங்கிக் கைக்கு வரும். அவ்வேளையில் விளக்கு மூடியைத் தட்டிய அப்பெண்மணியின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் நன்று.