ஸ்ட்ராத்ஸ்பே ஆட்டமும் காமன் கூத்தும்

(சங்கக் கூட்டமொன்றில் இளம் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மஸ்கெலியாப் பகுதியில் ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பெயரின் பொருள் யாது என்று விசாரித்தோர் நம்மில் அதிகம் பேர் இரார். ஸ்கொத்லாந்தின் வடபகுதியில் ஸ்பே என்று ஓர் ஆறு ஓடுகிறது. அவ்வாறு பாயும் அகன்ற பள்ளத்தாக்குக்கு ஸ்ட்ராத்ஸ்பே என்று பெயர். அப்பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய ஆட்டம் ஒன்றும் அந்நாட்டில் உண்டு. ஆக, ஓர் ஆட்டத்தின் பெயரைக் கொண்ட மலையிலேதான் நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்து வருகின்றனர்!

இந்து வாலிபர் சங்கத்தில் துரைமாரின் ஆட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். ஆதலால் இப்படிப் பேசுகிறான் என்றும் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன். பேச்சு முடியுமுன் காமன் பொட்டலுக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

பதினாறு வயதில் ஸ்கொத்லாந்திலிருந்து கப்பலேறி, 1852-ல் இலங்கை வந்து சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர், 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட சரித்திரம் பாடப் புத்தகங்களில் உள்ளது. அவரைப் போலவே அந்நாட்டார் பலர் இம்மலைகளுக்கு வந்தனர். பூண்டுலோயாவில் டன்சினேன், தலவாக்கலையில் ஹோலிரூட், அக்கரப்பத்தனையில் பல்மோரல் எனத் தம் ஊர்ப் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டினர். தம் பாட்டையும் ஆட்டத்தையும் உடன் கொண்டு வந்தனர். நம்முடைய முன்னோரும் இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து வரும்போது தலையில் மூட்டையும் நெஞ்சில் கூத்துமாகவே வந்தனர். பங்களாவில் ஓர் ஆட்டமும் லயத்து வாசலில் ஓர் ஆட்டமுமாக ஒரே மலையில் இரண்டும் வாழ்ந்தன. ஒன்றையொன்று அறிந்துகொள்ளவில்லை.

ஸ்கொத்லாந்து ஆட்டத்தில் இரண்டு பெரும் பிரிவுகள் உள. ஒன்று, ஊரார் கூடி ஆடும் ‘கண்ட்ரி டான்ஸ்’. ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று, கைகோத்து, இடம் மாறி, எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் ஒருவரையொருவர் சுற்றிவந்து ஆடுவது. விரைந்து ஆடினால் அது ரீல். நிதானமாக, ஒரு குற்றொலியை அடுத்து ஒரு நெட்டொலி துள்ளி நிற்கும் தாளத்தில் ஆடினால் அதுதான் ஸ்ட்ராத்ஸ்பே. மற்றது, மலைநாட்டாருக்குரிய ‘ஹைலண்ட்’ ஆட்டம். இது தனியாள் ஆட்டம். முன்பாதத்தில் எழும்பி, கைகளை மான்கொம்பு போல் உயர்த்தி, நின்ற இடத்திலேயே ஆடுவது. நம் கோலாட்டத்துக்கும் கரகத்துக்கும் உள்ள வேற்றுமையைப் போன்றது இது என்று கொள்ளலாம்.

இவ்வாட்டங்களின் தோற்றத்தைப் பற்றி அந்நாட்டார் சொல்லும் கதைகள் மிகச் சுவையானவை. கில்லி காலம் என்னும் வாளாட்டத்துக்கு ஒரு கதை. 1054-ல் டன்சினேன் அருகே நடந்த போரில், மக்பெத்தின் படைத்தலைவன் ஒருவனை மல்கம் என்னும் அரசகுமாரன் வென்றானாம். மாண்டவன் வாளைத் தரையிலிட்டு, தன் வாளை அதன் குறுக்கே வைத்து, இரண்டிலும் கால் படாமல் ஆடினானாம். ஆம், நம் பூண்டுலோயாத் தோட்டத்துக்குப் பெயர் தந்த அதே டன்சினேன்தான்! ஹைலண்ட் பிளிங் என்ற ஆட்டம், வென்ற வீரன் தன் சிறு கேடயத்தின் மேல் நின்று ஆடியதிலிருந்து வந்தது என்பர். இடம் பெயராமல் ஆடுவதற்குக் காரணம் அதுவாம். ஷான் ட்ரூஸ் என்ற ஆட்டத்துக்கு ‘பழைய காற்சட்டை’ என்பது பொருள். 1746-ல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், அவர்களுடைய கில்ட் உடையை அரசாங்கம் சட்டமிட்டுத் தடுத்தது. 1782-ல் தடை நீங்கியபோது, வேண்டா வெறுப்பாக அணிந்த காற்சட்டையை உதறி எறியும் பாவனையே அவ்வாட்டத்தில் காலை வீசும் அடி என்பது கதை.

கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியாளர் இக்கதைகளை அப்படியே ஏற்பதில்லை. இன்று காணும் வடிவத்தில் இவ்வாட்டங்களுக்கு எழுத்து ஆதாரம் தேடினால், பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளோடு நின்றுவிடுகிறது. ஊர் ஊராகச் சென்று கட்டணம் பெற்று ஆட்டம் பழக்கிய வாத்தியார்கள் அக்காலத்தில் அங்கே இருந்தனர். அவர்கள் பிரெஞ்சு நடனத்திலிருந்து கற்ற அடிகளையும் நாட்டார் அடிகளையும் சேர்த்தே பழக்கினர். ‘பா த பாஸ்க்’ என்று அவர்களுடைய முக்கியமான ஓர் அடிக்குப் பெயரே பிரெஞ்சு மொழியில்தான் இருக்கிறது. கண்ட்ரி டான்ஸோ இங்கிலாந்திலிருந்து வந்து, 18-ஆம் நூற்றாண்டு எடின்பரோ மண்டபங்களில் பழைய ரீல்களோடு கலந்து உருவானது. பிரசித்தி பெற்ற எண்மர் ரீலுக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்திய வயது இல்லை. தொன்மை, தொன்மை என்று பெருமை பேசுவதில் நாம் மட்டும் தனியாக இல்லை என்பதை இதனால் அறிந்து ஆறுதல் அடையலாம்.

அப்படியானால் அந்த ஆட்டம் எதனால் பிழைத்தது? எனக்கு வியப்பளித்த இடம் இதுதான். மலைநாட்டாரின் நிலச்சுவான்தார்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து கிளப்பினர். வடகோடியில் உள்ள சதர்லாந்துச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் குடிபெயர்க்கப்பட்டனர். பலர் கனடாவுக்குக் கப்பலேறினர். ஆட்டின் பொருட்டு மனிதர் வெளியேறிய மலை அது. கோப்பிச் செடியின் பொருட்டும் தேயிலைச் செடியின் பொருட்டும் மனிதர் கொண்டுவரப்பட்ட மலை நம்முடையது. உடைத்தடைச் சட்டம் அமுலில் இருந்தபோதும் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மாத்திரம் கில்ட் அணிய அனுமதி இருந்தது. ஆகவே எவர் தோற்கடித்தனரோ அவர்களுடைய பட்டாளத்திலேயே உடையும் பைப் வாத்தியமும் ஆட்டமும் உயிரோடிருந்தன. இதைக் கேட்கும்போது நம் தப்பு நினைவுக்கு வரவில்லையா? அதிகாலையில் தோட்டத்து மக்களைத் துயிலெழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பு. மாசி மாதத்து இரவில் மன்மதனை ஆடவைப்பதும் அதே தப்பு. துரை தன் வேலைக்காக அடிக்கச் சொன்ன வாத்தியத்தை, நம்மவர் தம் தெய்வத்துக்காகவும் அடித்தனர்.

பின்னர் சங்கங்கள் வந்தன. லண்டனில் குடியேறிய மலைநாட்டார் 1778-ல் ஹைலண்ட் சங்கத்தை ஏற்படுத்தி, பைப் வாத்தியப் போட்டிகளை நடத்தினர். நடனப் போட்டியும் அதனோடு சேர்ந்துகொண்டது. பிரேமார் என்ற ஊரின் விளையாட்டு விழாவுக்கு 1848-ல் விக்டோரியா மகாராணியே வந்தார். அதன்பின் கேட்பானேன்! நேற்று வரை காட்டான் ஆட்டம் என்றவர்களும் கில்ட் தைக்கக் கொடுத்தார்கள்.

கண்ட்ரி டான்ஸின் கதை வேறு. முதல் உலக யுத்தத்துக்குப் பின் அது கிராமங்களில் மங்கிவந்தது. 1923-ல் ஜீன் மிலிகன் என்ற ஆசிரியையும், இசபெல் ஸ்டூவர்ட் என்ற அம்மையாரும் கிளாஸ்கோ நகரில் ஒரு கூட்டம் கூட்டி ஒரு சங்கத்தை நிறுவினர். மிலிகன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தேகாப்பியாசம் கற்பித்தவர். பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடியும், கிராமத்து முதியோரை ஆடிக்காட்டச் சொல்லியும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இன்ன மாத்திரையில் இன்ன அடி என்று எழுதி அச்சிட்டனர். 1951-ல் அச்சங்கத்துக்கு ‘ரோயல்’ பட்டம் கிடைத்தது. இன்று உலகின் பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. மகாராணியின் வருகையை விட இந்த ஆசிரியையின் குறிப்புப் புத்தகமே பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. எழுதியவுடன் ஆட்டம் விறைத்துப்போகிறது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த அடி ஒன்றாகிவிடுகிறது. ஹைலண்ட் ஆட்டம் இப்போது பெரும்பாலும் பெண்பிள்ளைகள் மேடையில் நின்று பதக்கத்துக்காக ஆடும் போட்டி. பாதம் எத்தனை பாகை திரும்பவேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் குடியேறியவர்களின் சந்ததியாரோ, சமையலறையில் பிடில் வாசித்து, தரையோடு தரையாகக் காலடி தட்டி, தம் பாட்டன் ஆடியபடியே ஆடிவந்தனர். தாய்நாட்டில் மறைந்துபோன அந்தக் காலடி ஆட்டத்தை, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்துக்காரர் அவர்களிடமே திரும்பக் கற்றனர்! கடல் கடந்து போன ஏழைகள் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

இனி நம் பொட்டலுக்கு வருவோம். மாசி மாதத்து வளர்பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரித்து, பின் உயிர்ப்பிக்கும் வரை நம் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகின்றனர்; ரதி போகவேண்டாம் என்று தடுக்கிறாள்; அவன் போகிறான்; நெற்றிக்கண் திறக்கிறது. வேடம் புனைவோர் விரதம் காப்பர். ரதியும் ஆண்பிள்ளையே. தூதன் ஓலை கொண்டு வருவதும், வீரபத்திரன் ஆவேசமாகப் புறப்படுவதும், அதற்கேற்பத் தப்பின் அடி மாறுவதும் கண்டவர்க்கே தெரியும். காமன் எரிந்தபின் ரதி அழும் ஒப்பாரியைக் கேட்டு அழாத பெண்களை நான் கண்டதில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அதனால் எத்தனையோ வீடுகளில் ஒரு வயிற்றில் பிறந்தோர் பிரிந்தனர். பிரிவைப் பற்றிய ஒரு கூத்து இம்மலையில் வேரூன்றியதில் அதிசயம் என்ன?

இக்கூத்தைப் பார்த்து நாணுவோர் நம்மிடையே உளர். நான் சிறுவனாயிருந்தபோது, இரவு முழுதும் கூத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைகள் வாங்கிய ஏச்சுக்குக் குறைவில்லை. அதே வகுப்பில் ஸ்கொத்லாந்துப் பாட்டுகளை வெகு சுத்தமாகப் பாடவும் பழக்கினார்கள். அந்தப் பாட்டின் மேல் எனக்கு மனக்குறை இல்லை. மனக்குறையெல்லாம் நம்மவர் மேல்தான். தப்பு என்றால் சாவு வீட்டு வாத்தியம், அதை அடிப்பவன் இன்ன சாதி என்று முகம் சுழிக்கிறோம். கோயில் திருவிழாவுக்கு மட்டும் அவனையே கூப்பிடுகிறோம். சங்க மண்டபத்தில் அவனுக்கு நாற்காலி போடுவதில்லை. படித்தவர் நாணினால், தப்புக்காரரின் மகன் ஏன் அதைக் கையில் எடுப்பான்? அவன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறான்.

ஸ்கொத்லாந்தின் பெருங்கவியான ரொபர்ட் பர்ன்ஸ், நடனம் பழகப் போனது தம் தந்தைக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். டார்போல்டன் என்ற ஊரில் அவர் ஆட்டம் பழகிய வீட்டிலேயே, 1780-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாலிபர் சங்கத்தையும் நிறுவினார். பட்டிமன்றம் நடத்துவது அதன் வேலை. ஆட்டமும் வாதமும் ஒரே கூரையின் கீழ்! நமக்கும் முன்னோடிகள் இல்லாமலில்லை. பூண்டுலோயா மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், 1984-ல் மறைவதற்கு முன், மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கித் தந்தார். பாட்டு ஏட்டில் ஏறிவிட்டது. தப்பின் அடியும், ரதியின் கால் வைப்பும், வீரபத்திரனின் சுழற்சியும் பெரும்பாலும் வயோதிகர் சிலரின் கைகளிலும் கால்களிலுமே இருக்கின்றன.

மேடையில் அரைமணி நேரம் காட்டுவதற்காகக் கூத்தைக் குறுக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பதக்கம் கொடுப்பதும் எனக்கு விருப்பமில்லை. பதக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதை மேலே கண்டோம். கூத்து பொட்டலில் இரவிரவாகவே நடக்கட்டும். நாம் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். ஒரு தோட்டத்து அடி மறு தோட்டத்து அடிக்கு மாறுபட்டால் இரண்டையும் எழுதுவோம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லவேண்டாம். கைத்தொலைபேசி இல்லாத வாலிபர் இங்கே இல்லை. அதில் தப்பின் ஓசையைப் பதிவு செய்யச் செலவும் இல்லை. கூத்து வாத்தியாரையும் தப்புக்காரரையும் இம்மண்டபத்துக்கு அழைத்து, முன்வரிசையில் அமரவைத்துக் கேட்போம்.

இன்று இங்கே வந்திருக்கும் பெரியோரில் சிலர், வாலிபத்தில் ரதி வேடம் கட்டியவர்கள் என்று கேள்விப்படுகிறேன். பெயர் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். தேநீர் அருந்தும் வேளையில், தூதன் வரும்போது தப்பு எப்படி அடிக்கப்படும், வீரபத்திரன் வரும்போது எப்படி மாறும் என்று மேசையில் தட்டிக் காட்டினாலும் போதும். எழுதிக்கொள்வதற்கு இருவர் அங்கே காத்திருக்கின்றனர்.