கருவி +200 என்கிறது, வீடு போய்ச் சேருமா? கிளைடருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ்

(ஒலிவடிவ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோட்ல எஞ்சினே இல்லாத விமானம் எப்படி மணிக்கணக்கா பறக்குதுன்னு பேசினோம். வெயில்ல சூடான நிலத்திலிருந்து காத்து மேலே கிளம்பும், அதுக்குத் தெர்மல்னு பேரு. கிளைடர் அதுக்குள்ளேயே வட்டமடிச்சு உயரம் சேர்க்கும். அப்புறம் அந்த உயரத்தைச் செலவு பண்ணி அடுத்த தெர்மல் வரைக்கும் சறுக்கிப் போகும். அதைக் கேட்டுட்டு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "உள்ளே என்ன ஸ்கிரீன் இருக்கு? கூகுள் மேப் மாதிரி வழி காட்டுமா?"

காட்டும். ஆனா வழி தெரியாம யாரும் கஷ்டப்படுறது இல்லை. கிளைடர் பைலட்டுக்கு எப்பவும் இருக்கிற கவலை, "இப்ப இருக்கிற உயரத்தை வெச்சுக்கிட்டு நான் வீடு போய்ச் சேருவேனா?" அதுக்குக் கருவி ஒரே ஒரு எண்ணைப் பதிலா கொடுக்கும். +200ன்னு வந்தா, ஏர்ஃபீல்டுக்கு மேலே 200 மீட்டர் மிச்சத்தோட போய்ச் சேருவேன்னு அர்த்தம். அந்த எண் எங்கிருந்து வருது, அதுக்கு எது தெரியும், எது தெரியாது, இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல வேரியோமீட்டர். கிளைடர்ல இதுதான் மூத்த கருவி, இன்னைக்கும் முக்கியமான கருவி. நீங்க ஏறுறீங்களா இறங்குறீங்களா, நொடிக்கு எத்தனை மீட்டர்னு சொல்லும். மெதுவா ஏறுறதை உடம்பால நம்பி உணர முடியாது. லிஃப்ட் கிளம்புற அந்த ஒரு நொடி தெரியும், அப்புறம் சீரா போனா ஒண்ணும் தெரியாது இல்லையா, அதே கதைதான். 1920களின் கடைசியில ஆஸ்திரியாவைச் சேர்ந்த ராபர்ட் க்ரோன்ஃபெல்ட், ஜெர்மனியோட வாசர்குப்பே மலையில வேரியோமீட்டரை வெச்சுப் பறக்க ஆரம்பிச்சார். அதுக்கப்புறம்தான் மலைச்சரிவை விட்டு விலகி, தெர்மலைத் தேடிப்போய் நெடுந்தூரம் பறக்கிறது ஒரு வித்தையா வளர்ந்தது.

பழைய வேரியோ ரொம்ப எளிமை. ஒரு சின்னத் தெர்மாஸ் குடுவை, அரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மேலே ஏறினா வெளியே காத்தழுத்தம் குறையும், குடுவைக்குள்ளே இருக்கிற காத்து வெளியே வரும், வர்ற வேகத்தை முள் காட்டும். இப்ப அந்தக் குடுவைக்குப் பதிலா ஒரு அழுத்த சென்சார், கூடவே பீப் பீப்னு சத்தம். ஏற்றம் கூடினா பீப் வேகமாகும், சுருதி ஏறும். இந்தச் சத்தம்தான் பெரிய வரம்னு நான் சொல்வேன். ஏன்னா காதால கேட்டுக்கிட்டே கண்ணை வெளியே வெச்சுக்கலாம்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மணிக்கு 180 கிலோமீட்டர்ல போறீங்க, ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்து 100க்குக் குறைக்கிறீங்க. வேகம் உயரமா மாறும். கணக்குப்படி பார்த்தா கிட்டத்தட்ட 88 மீட்டர். தெர்மலே இல்லாத இடத்துல, "ஆகா, ஏறுதே"ன்னு வேரியோ கத்தும். கையில இருக்கிற காசை ஒரு பாக்கெட்லேர்ந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாத்திட்டு லாபம்னு சொல்ற மாதிரி. அதனால வால் பக்கம் வளைஞ்ச சின்னக் குழாய் ஒண்ணு வெச்சிருப்பாங்க. அது உயரம், வேகம் ரெண்டோட மொத்தச் சக்தி கூடுதா குறையுதான்னு பார்க்கும், காசு உண்மையிலேயே கூடினா மட்டும்தான் ஏற்றம்னு காட்டும். "என் ஃபோன்லயே பாரோமீட்டர் இருக்கே சார், அது போதாதா?"ன்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஃபோனுக்கு அந்தக் குழாய் கிடையாது. அதுக்குக் காக்பிட்டுக்குள்ளே இருக்கிற அழுத்தம் மட்டும்தான் தெரியும்.

சரி, ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். 1990கள் வரைக்கும், ஒரு ஊருக்கு மேலே போயிட்டு வந்தேன்னு நிரூபிக்க கேமரால படம் எடுக்கணும். உயரத்தைக் காகிதச் சுருள்ல கீறல் போடுற பாரோகிராஃப் பதிவு பண்ணும். இன்னைக்கு ஜிபிஎஸ் லாகர் எல்லாத்தையும் தானே எழுதிக்கும். அதுல வேடிக்கையான ஒரு விஷயம், இது நம்ம ஊரோட சம்பந்தப்பட்டது. ஜிபிஎஸ் அடிப்படையா சொல்ற உயரம் கடல்மட்டத்திலிருந்து இல்லை, பூமியை ஒரு வழவழப்பான நீள்கோளமா நினைச்சு அதிலிருந்து. உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோட ஒட்டாது. தெற்கு ஜெர்மனியில கடல்மட்டம் அதைவிடச் சுமார் 50 மீட்டர் மேலே. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல்ல 100 மீட்டருக்கு மேல் கீழே. உலகத்துலேயே அதிகமான தாழ்வு அதுதான். நல்ல மென்பொருள் இதைத் திருத்திக் காட்டும். ஆனா பறப்புப் பதிவுக் கோப்பைத் திறந்து எண்ணை அப்படியே படிச்சா, "ஏன் ரன்வேயில நிக்கும்போதே 50 மீட்டர் கூட இருக்கு?"ன்னு குழம்புவீங்க.

அழுத்தத்தை வெச்சு உயரம் சொல்ற ஆல்டிமீட்டரும் குறை இல்லாதது இல்லை. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினா சுமார் 8 மீட்டர் வித்தியாசம். அஞ்சு மணி நேரம் பறந்து வர்றதுக்குள்ளே 3 ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சிருந்தா, ஆல்டிமீட்டர் 25 மீட்டர் கூடுதலா காட்டும்.

இப்ப அந்த +200க்கு வருவோம். இதுக்கு ஃபைனல் கிளைடுன்னு பேரு, கடைசிச் சறுக்கல். நான் பறக்கிறது ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, ஷ்வேபிஷ் ஆல்ப் மேட்டு நிலத்தை ஒட்டி. அங்கேயே ஒரு உதாரணம் போடுறேன். கிர்க்ஹைம் ஊர்ப் பக்கத்துல ஹான்வைடன்னு கிளைடர் உலகத்துல பேர் போன ஒரு ஏர்ஃபீல்டு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். நீங்க தென்கிழக்கே, டான்யூப் கரையில இருக்கிற எஹிங்கன் பக்கம் இருக்கீங்க, வீட்டுக்கு 40 கிலோமீட்டர். விமானம் எல்எஸ்4, சறுக்கு விகிதம் சுமார் 40. அதாவது 40 மீட்டர் முன்னே போனா 1 மீட்டர் இறங்கும்.

காத்தே இல்லைன்னா 40 கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் செலவு. 200 மீட்டர் மிச்சம் வேணும்னா 1,550 மீட்டர் உயரத்துல இருந்து கிளம்பலாம். ஆனா வடமேற்கிலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்துல எதிர்காத்துன்னு வைங்க. காத்துல 100ல போனாலும் தரையில 80தான். அரை மணி நேரம் ஆகும், 1,250 மீட்டர் இறங்கிடும். இப்ப 1,800 வேணும். இறக்கையோட முன்விளிம்புல பூச்சி அடிச்சு ஒட்டியிருந்தா? ஒட்டும், கோடையில நிச்சயமா ஒட்டும். ஜெர்மன்ல ம்யூக்கன்புட்ஸர்னே ஒரு சாமான் இருக்கு, கொசு துடைப்பான்! நூலால இழுத்து, பறந்துட்டு இருக்கும்போதே இறக்கையைத் துடைக்கும். துடைக்காம விட்டு விகிதம் பத்துல ஒரு பங்கு குறைஞ்சா, இன்னும் 140 மீட்டர் கூடுதலா வேணும்.

கருவி இதெல்லாம் போடும். ஆனா காத்து 20ன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கடைசியா வட்டமடிச்சீங்களே, அதை வெச்சு. காத்தோட போகும்போது தரைவேகம் 120, எதிர்த்துப் போகும்போது 80, வித்தியாசத்துல பாதி காத்து. புதுக் கருவிகள் வட்டமடிக்காமலேயும் கணக்குப் போடும். எப்படி இருந்தாலும் அது நீங்க இருந்த இடத்துக் காத்து, இருந்த நேரத்துக் காத்து. முன்னாடி இருக்கிற 40 கிலோமீட்டர்ல என்ன வீசுதுன்னு அதுக்குத் தெரியாது. பூச்சி எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும். அப்புறம் மக்கிரெடி எண். அமெரிக்கரான பால் மக்கிரெடி பேர்ல வந்தது. 1956ல உலக சாம்பியன், பின்னாடி மனித உழைப்பால பறக்கிற விமானத்தை உருவாக்கினவர். அடுத்த தெர்மல் எவ்வளவு பலமா இருக்கும்னு நீங்க எதிர்பார்க்கிறீங்களோ அதைப் போடுவீங்க, கருவி அதுக்கேத்த வேகம் சொல்லும். இதை 0ன்னு வெச்சா கருவி மிகச் சிக்கனமான சறுக்கலை வெச்சுக் கணக்குப் போடும். அப்ப வர்ற +200ல ஒளிஞ்சிருக்கிற கையிருப்பு எதுவும் கிடையாது. 1க்கு மேலே வெச்சு +200 வந்தா, நிலைமை மோசமானா வேகத்தைக் குறைச்சுக் கொஞ்சம் உயரம் மிச்சம் பிடிக்க வழி இருக்கு. எனக்கு ரெண்டாவதுதான் +200. முதலாவதை நான் 0ன்னுதான் படிப்பேன்.

இதுல நான் ரொம்பவே அழுத்திச் சொல்ல நினைக்கிறது நிலத்தைப் பத்தி. எஹிங்கனுக்கும் ஹான்வைடுக்கும் நடுவுல இருக்கிற மேட்டு நிலம் 700, 800 மீட்டர் உயரம். ரோமர்ஷ்டைன் குன்று 870ஐத் தாண்டும். வீடு 350ல, மேட்டுக்குக் கீழே. இப்ப கணக்கைப் பாருங்க. கிலோமீட்டருக்கு 31 மீட்டர் இறங்குறீங்க. எல்லாம் சரியா போய்க்கிட்டு இருக்கு, கருவி +200லேர்ந்து அசையவே இல்லை. வீட்டுக்கு 16 கிலோமீட்டர் இருக்கும்போது ஆல்டிமீட்டர் 1,050. கீழே நிலம் 750. தரைக்கும் உங்களுக்கும் 300 மீட்டர்தான் இடைவெளி! பக்கத்துல ரோமர்ஷ்டைன் குன்றுக்கு மேலேன்னா 180. இன்னும் 10 கிலோமீட்டர் போனா, மேட்டோட விளிம்புல டெக் கோட்டை, 775 மீட்டர். உங்க உயரம் 740 கூட இல்லை. +200ன்னு சொன்ன அதே பாதை கோட்டைச் சுவருக்குக் கீழே போகுது.

கருவி பொய் சொல்லலை. "ஏர்ஃபீல்டுக்கு எவ்வளவு மிச்சம்"னு கேட்டீங்க, அதுக்குத்தான் பதில் சொல்லுச்சு. நடுவுல மலை இருக்கான்னு தனியா கேட்கணும். நில உயரத் தரவு ஏத்தின மென்பொருள் பாதை எங்கே நிலத்துல முட்டும்னு மேப்ல குறிச்சுக் காட்டும். அந்தத் தரவை ஏத்தாம விட்டா, அந்தக் குறியும் வராது. அப்படியே ஏத்தியிருந்தாலும் விளிம்புக்குப் பின்னாடி இருக்கிற இறக்கக் காத்து அதுக்குத் தெரியாது. வடமேற்குக் காத்து விளிம்புல மோதி மேலே ஏறும், அந்தப் பக்கம் சறுக்கிக் கீழே விழும். நீங்க வர்றது விழுற பக்கத்திலிருந்து. நொடிக்கு 1 மீட்டர் கூடுதலா இறங்குற காத்துல வெறும் 5 கிலோமீட்டர் போனாலே 225 மீட்டர் போச்சு. +200 இருந்த இடத்துல இப்ப மைனஸ்.

அதனால இங்கே பழகின பைலட்டுகள் முடிவை 16 கிலோமீட்டர்ல எடுக்க மாட்டாங்க, அதுக்கு முன்னாடியே எடுப்பாங்க. ஒண்ணு, மேட்டு நிலத்துக்கு மேலேயே இன்னொரு தெர்மல் பிடிச்சு விளிம்பைத் தாண்டுற உயரம் சேர்க்கிறது. இல்லைன்னா மேட்டு மேலேயே நல்ல வயலாப் பார்த்து இறங்குறது. கிளைடர்ல வயல்ல இறங்குறது அவமானம் இல்லை, டிரெய்லர் கொண்டுவந்து கழட்டி எடுத்துட்டுப் போகலாம். ஆனா தரைக்கு 300 மீட்டர் இருக்கும்போதே வயல் தேர்ந்தெடுத்திருக்கணும். அந்த நேரத்துல +200, +190னு ஸ்கிரீனைப் பார்த்துட்டு இருக்கிறவர் வயலைப் பார்த்துட்டு இருக்க மாட்டார்.

ஸ்கிரீனைப் பார்க்கிறதுன்னதும் ஃப்ளார்ம் பத்திச் சொல்லியாகணும். 2004ல சுவிட்சர்லாந்துல வந்தது. கிளைடர்கள் எல்லாம் ஒரே தெர்மலைத் தேடிப் போறதால ஒண்ணா நெருங்கி வட்டமடிக்கும், மோதுற ஆபத்து நிஜமானது. ஃப்ளார்ம், அடுத்த சில நொடிகள்ல நான் எங்கே இருப்பேன்னு கணிச்சு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கும். மத்தவங்களோடதைக் கேட்கும். ரெண்டு பாதையும் சேர்ந்தா சுமார் 18 நொடிக்கு முன்னாடி கூவ ஆரம்பிக்கும். நேருக்கு நேர் ரெண்டு பேரும் 100ல வந்தா, 18 நொடிங்கிறது 1 கிலோமீட்டர். நேர் எதிரே வர்ற மெல்லிய வெள்ளை இறக்கையை அந்தத் தூரத்துல கண்ணால பிடிக்கிறது சிரமம். அதனால இது உண்மையிலேயே உயிர் காக்கிற பெட்டி. ஆனா ரேடியோவுல தன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்கிறவங்களை மட்டும்தான் அதுக்குத் தெரியும். பாராகிளைடர்ல வர்றவர், பழைய செஸ்னா, ட்ரோன், கழுகு, இதுல பல எதுவும் சொல்லாது. பெட்டி அமைதியா இருக்குன்னா வானம் காலின்னு அர்த்தம் இல்லை.

கரெண்ட் பத்தி ஒரு வார்த்தை. எஞ்சின் இல்லாததால ஆல்டர்னேட்டர் கிடையாது. 12 வோல்ட் பேட்டரி, பல கிளப் விமானங்கள்ல 7 ஆம்பியர்-மணிக்குச் சொச்சம், அவ்வளவுதான். ஸ்கிரீன் வெளிச்சம்தான் அதிகமா சாப்பிடும். அதனாலதான் சிலர் புத்தகம் படிக்கிற கோபோ ரீடர்ல எக்ஸ்சிசோர் மென்பொருளை ஏத்தி வெச்சிருப்பாங்க. வெயில்ல பளிச்சுன்னு தெரியும், கரெண்ட்டும் கம்மி. எல்லாமே அணைஞ்சு போனாலும் வேகமானி, ஆல்டிமீட்டர், பழைய குடுவை வேரியோ மூணும் காத்தழுத்தத்துல ஓடும். அப்புறம் கேனபி கண்ணாடிக்கு வெளியே செலோடேப் போட்டு ஒட்டின ஒரு துண்டுக் கம்பளி நூல். விமானம் பக்கவாட்டுல வழுக்குதான்னு காட்டும். ரைட் சகோதரர்கள் காலத்துல இருந்து இருக்கு, இன்னைக்குப் புத்தம்புது விமானத்துலயும் இருக்கு.

வீட்டிலிருந்தே பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு: எக்ஸ்சிசோர் ஆண்ட்ராய்டுல இலவசம். திறந்ததும் பறக்கிறீங்களா சிமுலேட்டரான்னு கேட்கும், சிமுலேட்டரைத் தேர்ந்தெடுங்க. ஒரு மேப் இறக்கி, ஓர் ஏர்ஃபீல்டை இலக்கா வெச்சு, 40 கிலோமீட்டர் தள்ளி 1,800 மீட்டர்ல உங்களை நிறுத்துங்க. அப்புறம் காத்தை 20லேர்ந்து 30 ஆக்குங்க, பூச்சியை ஏத்துங்க, மக்கிரெடியை 0லேர்ந்து 2க்குக் கொண்டுபோங்க. அந்த ஒரு எண் எப்படி ஆடுதுன்னு பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல வயல்ல இறங்குறதைப் பத்திப் பேசலாம்.